முட்டுச்சந்தின் முதல் கச்சேரி

"மேடை, வயரிங் எல்லாம் நாமளே பண்ணியாச்சு. தெரு சனம் மட்டும் வரலைன்னா அத்தனையும் வீண்டா இஜாஸ்" என்றான் ஈஸ்வர்.

திருச்செங்கோட்டில் அவனும் நண்பர்களும் சேர்ந்து நடத்தும் 'முட்டுச்சந்து' பங்க் ராக் குழுவுக்கு அன்றுதான் முதல் கச்சேரி. ஸ்பான்சர் கிடையாது, டிக்கெட் கிடையாது. யார் வேண்டுமானாலும் மைக் பிடிக்கலாம், வீட்டில் இருப்பதைக் கொண்டுவந்து தாளம் தட்டலாம் என்று தெரு முழுக்க நோட்டீஸ் ஒட்டியிருந்தார்கள்.

இரண்டு பாட்டு முடிந்தும் ஈ காக்கைகூட வரவில்லை. மூன்றாவது பாட்டில் திமுதிமுவென்று பெண்கள் கூட்டம், ஆளுக்கொரு குடத்தோடு! முன்னால் வந்த கந்தம்மாள் மேடையேறி மைக்கைப் பிடுங்கினாள்.

"உங்களுக்கு மனசாட்சி இருக்குதாடா?"

"இருக்குதாடா?" என்று கூட்டம் குடத்தைத் தட்டியது. இஜாஸ் உற்சாகமாக டிரம்ஸில் சேர்ந்துகொண்டான்.

"ஊரு சனம் எக்கேடு கெட்டா உங்களுக்கென்னடா?"

ஈஸ்வருக்குப் புல்லரித்தது. "செம வரிங்கக்கா! நீங்களே எழுதுனதுங்களா?"

"எழுதறதா? தண்ணி விடற நாளும் அதுவுமா, தெருத் தொட்டி மோட்டார் பிளக்கைப் புடுங்கிட்டு உங்க பொட்டியச் சொருகி வெச்சிருக்கீங்க! குடம் காலியா இருக்கறதாலதான் சாமி இந்தச் சத்தம் வருது!"

ஈஸ்வர் தொண்டையைச் செருமினான். "அக்கா, எங்க குழுவுல எதுன்னாலும் எல்லாருங் கூடிப் பேசித்தான் முடிவெடுப்போமுங்க."

"அதான் எல்லாருங் கூடியே வந்திருக்கோமே!" என்ற கந்தம்மாள், பதிலுக்குக் காத்திராமல் பிளக்கைப் பிடுங்கினாள்.