சத்தம் போடக்கூடாது

வளர்மதி சி.ஏ. பரீட்சைக்குப் படிக்கும்போது அறைக்கதவு சாத்தியிருக்கும். வீட்டில் யாரும் சத்தம் போடக்கூடாது. அது அவள் போட்ட சட்டம். அன்று சேலத்தில் மாதிரித் தேர்வு எழுதிவிட்டு, மத்தியான பஸ்ஸில் மலையேறி ஏற்காட்டு வீட்டுக்கு வந்தாள்.

வாசலில் மகள் இனியா உதட்டில் விரல் வைத்தாள். "மெதுவாப் பேசுங்க ஆன்ட்டி. அம்மா உள்ள படிக்குது."

"நாந்தான் கண்ணு அம்மா," என்று சிரித்தாள் வளர்மதி.

குழந்தை சிரிக்கவில்லை. சோறு பிசைந்துகொண்டிருந்த கணவன் தனபால் நிமிர்ந்தான். "ஏனுங்க, யாரைப் பாக்கணும்?"

"இதென்னங்க விளையாட்டு?"

சாத்திய அறைக்குள் வாய்விட்டுப் படித்துக்கொண்டிருந்த குரல் நின்றது. அது வளர்மதியின் குரல்.

"யாருங்க அது?" என்று உள்ளேயிருந்து கேட்டது.

"யாரோ ஊடு மாறி வந்துட்டாங்க. நீ படி," என்றான் தனபால்.

இனியா வாசற்கதவைச் சத்தமில்லாமல் சாத்தினாள்.