அடியில் இருந்த பெயர்கள்

அது செவ்வாய்க்கிழமையா புதனா என்று செல்வினுக்கு இப்போது நிச்சயமில்லை. குளிக்கப் போன அப்பா, மணிக்கட்டில் நாடித்துடிப்பைக் கவனிக்கும் நாடிப் பட்டையைக் கழற்றி வைத்ததுதான் வினை. பட்டைக்கு நாடி தட்டுப்படாமல் போனால், மூன்று வருடம் முன்பே அவன் வடிவமைத்து வைத்த அஞ்சலிச் சுவரொட்டியை வீட்டுப் பிரிண்டர் தானாக அச்சிட்டுவிடும். நாகர்கோவிலில் எல்லா வீட்டிலும் அப்படித்தான்.

அவன் ஓடி வருவதற்குள், இடுப்பில் துண்டோடு அப்பா அந்த ஈரத்தாளைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"படம் நல்லாத்தான் இருக்குலே. மீசையக்கூட கறுப்பாக்கிட்ட."

பிறகு அடியில் இருந்த குடும்பத்தார் பெயர்களின் மேல் விரலை ஓட்டினார்.

"நாய் பேரு இருக்கு. உங்க அண்ணன் பேரு எங்கலே?"

வீட்டுப் பங்குச் சண்டைக்குப் பின் அவன் அண்ணன் ராபினோடு பேசியதில்லை. இடம் போதவில்லை என்று சொல்ல வாயெடுத்தவன், நாயின் பெயரைப் பார்த்துவிட்டுத் தலைகுனிந்தான். அப்பா தாளை மடித்து அவன் கையில் கொடுத்துவிட்டு மறுபடி குளிக்கப் போனார்.

நான்கு வருடம் கழித்து அப்பா இறந்தார். நாய் அதற்கு முன்பே செத்துவிட்டது. சுவரொட்டியில் முதல் பெயராகத் தன் பெயரைக் கண்ட ராபின், தம்பியைக் கட்டிக்கொண்டு அழுதான். இப்போது இருவரும் பேசிக்கொள்கிறார்கள். பழைய தாளைப் பற்றி மட்டும் செல்வின் இன்னும் சொல்லவில்லை.