வாசனைக்கு நாற்பது மார்க்

"முதல்ல நீங்க சொல்லுங்க மூக்கரே. நீங்க சொன்னப்புறம் நாங்க சொல்றோம்" என்றார் வக்கீல்.

மூக்கர் குனிந்து பார்த்தார். கையிலிருந்த சுருட்டில் மூன்றில் ஒரு பங்கு எரிந்திருந்தது. அதுவரை யாரும் வாய் திறக்கக் கூடாது என்பது அந்த அறையின் சட்டம். அந்த ஒரு பங்கும் முடிந்துவிட்டதால் இனித் தப்பிக்க வழியில்லை.

ஐந்நூறு பெட்டிக்கு மேல் ஒரு பெட்டிகூடப் போடமாட்டோம் என்று சத்தியம் செய்து வெளியிட்ட ரகம் அது. எந்தக் கம்பெனி என்று தெரியாதபடி காகித வளையத்தை உருவிவிட்டு, 'ஏழு' என்று நம்பர் மட்டும் ஒட்டி, ஆளுக்கொன்று கொடுத்துவிட்டு வெளியே போயிருந்தார் பத்திரிகை ஆபீஸ் அம்மாள். மூக்கர், வக்கீல், கேப்டன் என்று இந்த மூன்று பேரும் போடும் மார்க்தான் அடுத்த மாத இதழில் வரும். பார்வைக்கு, இழுப்புக்கு, எரியும் விதத்துக்கு என்று நூற்றில் அறுபது. மிச்ச நாற்பதும் வாசனைக்கு.

அந்த நாற்பதில்தான் சனியன் உட்கார்ந்திருந்தது. மூக்கருக்கு மூன்று மாதமாக எந்த வாசனையும் தெரியாது.

போன கூட்டம் முடிந்த கையோடு மூன்று பேருக்குமே காய்ச்சல் வந்தது. மற்ற இருவரும் ஒரே வாரத்தில் எழுந்து கல்லுக்குண்டு மாதிரி நடமாடினார்கள். இவருக்கும் காய்ச்சல் போனது. போகிற காய்ச்சல் சும்மா போகாமல் மோப்பத்தையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. தைலப் புட்டியைத் திறந்து மூக்கடியில் நீட்டியபோது, "என்ன இது, வெறும் தண்ணியா?" என்று இவர் கேட்ட பிறகுதான் மனைவிக்கே விஷயம் புரிந்தது.

உண்மையைச் சொல்லிவிடுங்களேன் என்று அவள் இன்று காலையில்கூடக் கெஞ்சினாள்.

"சொல்லிட்டு? வீட்ல உக்காந்து சுவத்தைப் பார்க்கவா?" என்று எரிந்து விழுந்துவிட்டுத்தான் கிளம்பினார். பாவம், அவள்மேல் அவருக்கு என்ன கோபம்? எல்லாம் பயம்தான். நாலு பேர் அவரை மதித்து நாற்காலி போடுவதே அந்த மூக்குக்காக. சொந்தப் பெயர் அவருக்கே மறந்துபோகுமளவுக்கு மூக்கராகவே ஆகிவிட்டவர். மோப்பம் போய்விட்டது என்று தெரிந்தால் நாளைக்கு யார் அவரைச் சீந்துவார்கள்?

நடக்காத கதையும் இல்லை. முன்பு நாலாவதாக ஒருவர் இங்கே இருந்தார். அவருக்குச் சைனஸ் தொந்தரவு என்று தெரிந்த அன்றே, வாசம் தெரியாத ஆளுக்கு இங்கே என்ன வேலை என்று முகத்துக்கு நேராகக் கேட்டு அனுப்பியவர் இதே வக்கீல்தான். அன்றைக்கு ஆமாம் சாமி போட்டவர்களில் மூக்கரும் ஒருவர். இப்போது நினைத்தால் நெஞ்சை உறுத்தியது.

"வயசுல மூத்தவர் கேப்டன். அவர் ஆரம்பிக்கிறதுதான் முறை" என்று நைசாகத் தள்ளிவிட்டார்.

முப்பது வருஷம் கப்பல் ஓட்டிய கேப்டன், தோளில் கம்பளிச் சால்வையும் வாயில் புகையுமாகக் கண்ணை மூடி உட்கார்ந்திருந்தார். தான் கடைசியாகச் சொல்வதாகவும், வக்கீலுக்குத்தான் வார்த்தை தடங்கலில்லாமல் வரும் என்றும் கண்ணைத் திறக்காமலே சொன்னார். வக்கீலோ தண்ணீர் குடித்தார், தொண்டையைக் கனைத்தார், சாம்பல் உதிராமல் எத்தனை அங்குலம் நிற்கிறதென்று ஸ்கேல் வைத்து அளந்தார். கடைசியில் இரண்டு பேரும் மறுபடி மூக்கரையே பார்த்தார்கள்.

இவர்களுக்குத் தெரிந்துவிட்டது, ஆழம் பார்க்கிறார்கள் என்று மூக்கருக்குத் தோன்றியது. வருவது வரட்டும் என்று குருட்டாம்போக்கில் அடித்துவிட்டார்.

"காபிக்கொட்டை வறுக்கிற வாசம். அதுக்குப் பின்னாடி புதுத் தோல் பை மாதிரி ஒண்ணு."

நல்ல சுருட்டு எதுவானாலும் இந்த இரண்டில் ஒன்றாவது இருக்கும் என்பது அவருடைய இருபது வருஷ அனுபவம். வக்கீல் அவரையே உற்றுப் பார்த்தார்.

"அதேதான். நான் சொல்ல வந்ததை அப்படியே சொல்லிட்டீங்க" என்று எழுதிக்கொண்டார் வக்கீல்.

கேப்டனும் தலையாட்டி, முடிவில் லேசாகப் பாதாம் வாசமும் வருகிறதென்று சேர்த்தார். பாதாமா, இல்லாமல் என்ன, என்று மற்ற இருவரும் உடனே ஒப்புக்கொண்டார்கள். அப்புறம் பேச்சு மடை திறந்த மாதிரி ஓடியது. மழை பெய்த மண் என்றார் வக்கீல். கிராம்பு என்றார் மூக்கர். யார் எதைச் சொன்னாலும் மற்றவர்களுக்கும் அது இருந்தது. வாசனைக்கு நாற்பதில் முப்பத்தெட்டு என்று எழுதி மூவரும் கையெழுத்துப் போட்டார்கள். அரை மார்க்குக்கு அரை நாள் சண்டை போடுகிறவர்கள், முதல் தடவையாகச் சண்டையில்லாமல் முடித்தார்கள். தலை தப்பியது என்று மூக்கர் நாற்காலியில் சாய்ந்தார்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஆபீஸ் அம்மாள் ஓடி வந்தார். கைக்குட்டையால் மூக்கைப் பொத்தியிருந்தார். புகை மண்டிய அறையில் நாலாபக்கமும் தேடி, மேஜையிலிருந்த தண்ணீர் ஜாடியை எடுத்து, சாம்பல் தட்டில் விழுந்து புகைந்துகொண்டிருந்த கேப்டனின் சால்வை நுனியில் கவிழ்த்தார். ஒரு முழம் கருகிப் போயிருந்தது.

"கம்பளி கருகுற நாத்தம் கால் மணி நேரமா தெருவரைக்கும் குடலைப் புரட்டுது. மூணு பேரும் இதுக்குள்ளதானே சார் உக்காந்திருக்கீங்க?" என்று கேட்டவர், பதிலுக்குக் காத்திராமல் ஜன்னல்களைத் திறந்துவிட்டு வெளியே ஓடினார்.

மூக்கர் தலையைத் தொங்கப்போட்டுக்கொண்டார். இருபது வருஷ மானம் போயே போய்விட்டது. வக்கீல் கேட்கப்போகும் கேள்விக்காகக் காத்திருந்தார்.

வக்கீல் எழுந்து போய்க் கதவைத் தாழிட்டுவிட்டு வந்தார். குரலைத் தாழ்த்தி, "எனக்கு அந்தக் காய்ச்சல்லேருந்து" என்றார். "உங்க ரெண்டு பேருக்கும்?"