பசை காயும் வரை

கண்ணாடிக்குள் பனி படிந்துகொண்டிருந்தது.

ஊதிப் பார்த்தாள். பாவாடை நுனியால் துடைத்துப் பார்த்தாள். போகவில்லை. பனி உள்பக்கம்.

அவசரத்தில் கைக்கு வந்த பசை அது. வைத்த நொடியில் ஒட்டும். அதிலிருந்து கிளம்பும் ஆவி கண்ணாடியை வெளுக்கும் என்பதும் தெரிந்ததுதான். போன வருடம் ஒரு மாதிரி விமானத்தை இப்படித்தான் கெடுத்தாள்.

உள்ளங்கையளவு போர் விமானம். பதினேழு நாள் வேலை. இறக்கைகளில் பச்சையும் பழுப்பும் திட்டுத்திட்டாக, நன்றாகவே வந்திருந்தன. விமானி உட்காரும் இடத்தை மூடிய கண்ணாடி மட்டும் புரை விழுந்த கண்போல இருந்தது.

மணி எட்டே கால். பத்து மணிக்குப் பள்ளிக்கூடத்தில் கண்காட்சி.

எழுந்துபோய், கழுவி வைத்த டம்ளரை மறுபடி கழுவினாள். வந்து உட்கார்ந்தாள். எழுந்தாள்.

தங்கை இலக்கியா சீருடையில் நின்று ஜடையை மடித்துப் பச்சை ரிப்பன் கட்டிக்கொண்டே ஒப்பித்தாள்.

“மொதல்ல கறுப்பு அடிச்சேன் மிஸ். அப்புறம் பச்சை. அப்புறம்… அப்புறம் என்னக்கா?”

“மொதல்ல சாம்பல். கறுப்பே கெடையாது.”

“மிஸ்ஸுக்கு மட்டும் தெரியுமாக்கும்.”

அப்போதுதான் மேசையைப் பார்த்தாள்.

“என்னக்கா இப்பிடி வெளுத்துப்போச்சு?”

“பசை.”

“விடு. மேகத்துக்குள்ள போவுதுன்னு சொல்லிக்கிறேன்.”

அக்கா சிரிக்கவில்லை.

மேகத்துக்குள் யார் இருக்கிறார்கள் என்று இலக்கியாவுக்குத் தெரியாது.

விமானியின் தலை மிளகளவு. மீந்த பிளாஸ்டிக் குச்சியை மெழுகுவத்தியில் காட்டி, இளகியதும் மெல்ல இழுத்தால் முடிபோல நூலாக வரும். அந்த நூலை முறுக்கி இரண்டு ஜடை ஒட்டியிருந்தாள். மடித்துக் கட்டிய பள்ளிக்கூட ஜடை. மடிப்பில் ஜடைக்கொரு பச்சைப் புள்ளி.

விமான நிலையத்தை ஒட்டிய பொழிச்சலூரில் விமானங்கள் கூரையை உரசுவதுபோல இறங்கும். சன்னல் அதிரும். மேசை அதிரும். ஒவ்வொன்று வரும்போதும் மூச்சைப் பிடித்துத் தூரிகையை உயரத் தூக்கிக்கொள்வாள். கடந்து போனதும் ஒரு தொடுகை. அந்த இரண்டு புள்ளிக்கு ஒரு மத்தியானம் முழுக்கப் போயிற்று.

இனி அதை யாரும் பார்க்கப் போவதில்லை.

நல்லதுதான். பார்த்தால் கேட்பார்கள். கேட்டால் இலக்கியா உளறுவாள். கண்காட்சி அட்டையில் இருப்பது அவள் பெயர். இலக்கியா, ஒன்பதாம் வகுப்பு. படிக்கிற பிள்ளைகளுக்குத்தான் கண்காட்சி.

அதே பள்ளிக்கூடம். இரண்டு வருடத்துக்கு முன், அதே பச்சை ரிப்பன் கட்டியிருந்த இவளை எழுப்பிவிட்டு ஒரு கேள்வி கேட்டார்கள். தெரிந்த பதில். குரல்தான் வரவில்லை. வகுப்பு சிரித்து ஓயும் வரை நின்றாள். மறுநாள் போகவில்லை. அதற்கு மறுநாளும்.

இப்போது ரேஷன் கடைக்குக்கூட அந்தத் தெரு வழியாகப் போவதில்லை. குளத்தைச் சுற்றித்தான்.

மேகம் என்றே இருக்கட்டும்.

எழுந்தாள். டம்ளரைக் கழுவினாள்.

பிளேடை எடுத்தாள்.

கண்ணாடியின் விளிம்பில் முனையை வைத்தபோது ஒரு விமானம் வந்தது. கையைத் தூக்கிக்கொண்டாள். போனதும் மறுபடி வைத்து லேசாக நெம்பினாள். விரிசல் விட்டால் அவ்வளவுதான். பாகங்கள் வந்த பெட்டியில் மாற்றுக் கண்ணாடி கிடையாது.

டிக்கென்றது.

முழுசாகத்தான் வந்தது.

காது குடையும் பஞ்சுக் குச்சியில் ஒரு சொட்டுத் தேங்காய் எண்ணெய் தொட்டு உள்ளே தடவினாள். பனி கரைந்தது. எடுத்த இடத்திலேயே பொருத்திப் பார்த்தாள்.

இலக்கியா குனிந்தாள். வெகுநேரம் நிமிரவில்லை. அவள் கை தன் ரிப்பனைத் தொட்டுப் பார்த்தது.

“இது நான் இல்ல,” என்றாள்.

அப்புறம், “யாருன்னு மிஸ் கேட்டா என்னக்கா சொல்றது?”

அக்கா அலமாரியைத் திறந்தாள்.

வெள்ளைப் பசையும் இருந்தது. தச்சு வேலைக்கு வாங்குவது. கண்ணாடியை வெளுக்காது. ஆனால் காய இரண்டு மணி நேரம் ஆகும். அதுவரை கொஞ்சம் குலுங்கினாலும் கண்ணாடி நழுவிவிடும்.

அதை எடுத்தாள். ஊசி முனையால் விளிம்பு முழுக்க வைத்தாள். விமானத்தைச் செருப்பு அட்டைப்பெட்டிக்குள் இறக்கினாள்.

இலக்கியா இரண்டு கையையும் நீட்டினாள்.

“நீ குதிச்சுக் குதிச்சு நடப்ப.”

“மெதுவாப் போறேன்க்கா.”

“ஒன்னால முடியாது.”

பெட்டி அக்கா கையிலேயே இருந்தது. காலால் துழாவிச் செருப்பை மாட்டினாள்.

தெருமுனையில் இடப்பக்கம் குளம். நேரே போனால் பள்ளிக்கூடம்.

இலக்கியா முன்னால் குதித்துக்கொண்டு போனாள். தலைக்கு மேல் ஒன்று இறங்கியது. அக்கா நின்றுவிட்டாள். பெட்டியை மார்புயரம் தூக்கிப் பிடித்து, மூச்சை அடக்கி.

சத்தம் கடந்து போயிற்று. கால் குளத்துப் பக்கம் திரும்பவில்லை.

“மொதல்ல சாம்பல் அடிச்சேன் மிஸ்.”

பெட்டிக்கு மட்டும் கேட்கும்படி சொல்லிப் பார்த்தாள்.

பிறகு இன்னொரு தடவை, கொஞ்சம் உரக்க.