செல்லம் மெலிந்த கதை

“டாக்டரம்மா, நாயைக் கூட்டிட்டு வரல. விவரத்த மட்டும் கேட்டுட்டுப் போயிருறேன்.”

வேல்பாண்டி நாற்காலியின் நுனியில் உட்கார்ந்தான். ராஜபாளையத்தில் ஒரு நூல் மில்லில் சூப்பர்வைசர். மில்லில் அவன் போடுகிற சத்தம் மெஷின் சத்தத்தையும் தாண்டிக் கேட்கும். இங்கே பக்கத்தில் இருப்பவருக்கே கேட்கவில்லை.

கால்நடை டாக்டர் ஷீனா நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டார். “சொல்லுங்கண்ணே. நாய்க்கு என்ன?”

“நல்லா கொழுகொழுன்னு இருந்தா. இப்ப எலும்பா நிக்கா. பொறவு... பருவத்துக்கும் வரல.”

“பேரு என்ன?”

“செல்...” என்றவன் நாக்கைக் கடித்துக்கொண்டான். “செல்லம்.”

“எத்தனை மாசமா வரல?”

“நாலு மாசமா. அதுக்கு முன்னால மாசாமாசம் டாண்ணு வந்துரும்.”

“மாசாமாசமா? நாய் வருசத்துக்கு ரெண்டு தடவைதான வரும்?”

வேல்பாண்டி கர்ச்சீப்பை எடுத்து நெற்றியைத் துடைத்தான். “இவ கொஞ்சம் வித்தியாசமானவ.”

ஷீனா தலையைக் குனிந்துகொண்டார். “சரி, சாப்பாடு எப்படி?”

“அது என்னத்த சாப்பாடு. காலையில முட்டை. அதுலயும் மஞ்சக்கருவ எடுத்து எனக்கு வச்சிருவா. மத்தியானம் வெள்ளரிக்கா. ராத்திரி வெந்நி. போன்ல எவளோ சொன்னாளாம்.”

“நாய் போன் பாக்குமா?”

“நாந்தான் பாத்து வைக்கேன்.”

“ஓட்டம் உண்டா?”

“விடிஞ்சும் விடியாம சஞ்சீவி மலை அடிவாரம் வர ஓடிட்டு வருவா. மழை பேஞ்சாலும் குடையப் பிடிச்சிட்டு...” இந்த இடத்தில் அவனே நிறுத்திக்கொண்டான். “நான் குடை பிடிப்பேன்.”

“வேற என்ன தெரியுது?”

“தலைமுடி கொட்டுது. இந்த வேக்காட்டுலயும் குளுருதுன்னு ஃபேன அமத்தச் சொல்லுதா. ஒண்ணுமில்லாததுக்கெல்லாம் எரிஞ்சு விழுதா. நேத்து உப்பு கூடிப்போச்சான்னு கேட்டா. ஆமான்னேன். அழுதுட்டா.”

“உப்பு கூடிருச்சான்னு செல்லம் கேட்டுச்சா?”

“பார்வையிலயே கேப்பா டாக்டரம்மா.”

ஷீனா இருமினார். இருமல் கொஞ்சம் நீளமாகவே வந்தது. தண்ணீர் குடித்துவிட்டு, “சினை பிடிச்சிருக்கும்னு யோசிச்சீங்களா?” என்று கேட்டார்.

“எங்கம்மா அப்படித்தான் நெனச்சிட்டு. ஸ்ரீவில்லிபுத்தூருக்கு ஆள் விட்டு பால்கோவா வாங்கி, தெருப்பூரா குடுத்துட்டு. பொறவு மெடிக்கல்ல போயி டெஸ்ட் கிட்டு வாங்கிட்டு வந்து பாத்தோம். ஒத்தக் கோடுதான்.”

சொல்லி முடித்த பிறகுதான் சொன்னது என்னவென்று அவனுக்கு உறைத்தது. சுவரில் மாட்டியிருந்த பசுமாட்டுப் படத்தை ரொம்ப அக்கறையாகப் பார்த்தான்.

ஷீனா அதையும் விட்டுவிட்டார். “எதுக்காக மெலிய ஆரம்பிச்சா?”

இதற்கு மட்டும் வேல்பாண்டி தடுமாறவில்லை. “நான்தான் காரணம். ஒரு கல்யாண போட்டோவப் பாத்துட்டு, ஃப்ரேம் பூராவும் நீயே அடைச்சிட்டு நிக்கன்னு சொன்னேன். சும்மா சிரிப்புக்குத்தான் சொன்னேன். அன்னைலருந்து சோத்துல கை வைக்கல. நான் சொன்ன ஒத்த வார்த்தையில அவளுக்கு ஏதாச்சும் ஆயிப்போச்சுன்னா என்னால தாங்க முடியாது டாக்டரம்மா. கொழந்த... குட்டி இல்லாமலே போயிருமோன்னு பயமா இருக்கு.”

அவன் கண் கலங்கியிருந்தது. ஷீனாவின் முகத்திலும் சிரிப்பு போய்விட்டது.

“அண்ணே, கொழுப்புன்னா வெறும் சுமைன்னு நெனைக்கோம். அது அப்படி இல்ல. வீட்டுல அரிசி இருக்குன்னு மூளைக்குத் தகவல் சொல்றதே அதுதான். சாப்பாட்டையும் குறைச்சு, ஓட்டத்தையும் கூட்டி, கொழுப்பு வேகமாக் கரைஞ்சா, ஊருல பஞ்சம் வந்துருச்சுன்னு மூளை நெனச்சுக்கிடும். இந்த நேரத்துல பிள்ளை எதுக்குன்னு, அதுக்கான ஹார்மோனை நிறுத்தி வச்சிரும்.”

“திரும்ப வருமா?”

“நல்லா சாப்பிட்டு, ஓட்டத்தக் குறைச்சா பெரும்பாலும் வந்துரும். வேற காரணமும் இருக்கலாம், அதனால டெஸ்ட் எடுத்துப் பாத்துரணும். ஸ்ரீவில்லிபுத்தூர்ல எனக்குத் தெரிஞ்ச டாக்டர் இருக்காங்க. அங்க கூட்டிட்டுப் போங்க.”

“அவங்களும் நாய் பாப்பாங்களா?”

“மனுசங்கள மட்டும்தான் பாப்பாங்க.”

வேல்பாண்டி மறுபடியும் கர்ச்சீப்பை எடுத்தான்.

“உங்க வீட்டுல நிக்கது ரெண்டும் ஆம்பள நாய். போன மாசம் ரெண்டுக்கும் ஊசி போட்டது நான்தான்.”

அவன் வாசல் பக்கம் ஒரு தடவை திரும்பிப் பார்த்துக்கொண்டான். “இங்க எந்த ஆஸ்பத்திரி வாசல்ல போயி நின்னாலும் சொந்தக்காரன் ஒருத்தன் நிக்கான் டாக்டரம்மா. வீடு போயிச் சேருறதுக்குள்ள வளைகாப்புக்குத் தேதி குறிச்சிருவாங்க. அதான் இப்படி...”

“புரியுது.”

“செல்விகிட்ட மட்டும் சொல்லிராதீங்க. நாய்னு சொல்லிக் கேட்டேன்னு தெரிஞ்சா கொன்னே போட்டுருவா.”

“சொல்லல. இன்னைக்குச் சாயங்காலமே போயிருங்க. நேத்தே போன் பண்ணி நேரம் வாங்கி வச்சிட்டேன்.”

எழுந்தவன் அப்படியே நின்றான். “நேத்தேவா? நான் இன்னைக்குத்தான வாரேன்?”

“நேத்து உங்க வீட்டம்மா வந்திருந்தாங்க,” என்றார் ஷீனா. “அவங்களும் இந்த நாய்க்குத்தான் கேட்டாங்க.”