பிரேக் வேண்டாம்

"பிரேக் வேணாம் பாய். அத்த மாட்டாத."

ஹுமாயூன் கையிலிருந்த ஸ்பானரைக் கீழே வைத்தார். திருமுல்லைவாயில் ஸ்டேஷன் பக்கத்தில் இருபது வருடமாக சைக்கிள் கடை வைத்திருக்கிறார். கியர் வேண்டாம் என்றவர்கள் உண்டு, மட்கார்டு வேண்டாம் என்றவர்கள் உண்டு. பிரேக்கே வேண்டாம் என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

"இன்னாக்கா சொல்ற? பிரேக் இல்லாம ஒரு வண்டியா?"

"ஆமா" என்றாள் வேம்புலியம்மாள். ஸ்டூலில் உட்கார்ந்து சுவரில் தலையைச் சாய்த்திருந்தாள். அறுபது வயதிருக்கும். கண்ணுக்குக் கீழே கறுத்துக் கிடந்தது. மூன்று நாளாக வருகிறாள். ஒரு நாளாவது கொட்டாவி விடாமல் பேசியதில்லை.

வண்டி அவள் புருஷன் கஜபதிக்கு. தொண்ணூறுகளில் வந்த இரும்பு மவுண்டன் பைக்தான் வேண்டுமாம், அதுவும் பச்சை நிறத்தில். புதுசாக ஒன்று எடுத்துக்கொள்ளச் சொன்னால், "வேற வண்டின்னா தொடமாட்டாரு" என்றாள். அந்தக் காலத்தில் போனஸில் வாங்கிய வண்டி அப்படித்தான் இருந்ததாம். போன மாதம் அதை எங்கேயோ விட்டுவிட்டு வந்துவிட்டார்.

"எங்க உட்டாரு?"

"தெரிஞ்சா உன் கடைக்கு ஏன் வரேன்?"

அந்த மாதிரி ஃபிரேம் ஹுமாயூனிடம் இரண்டுதான் இருந்தன. ஒன்று இருபத்தொரு இஞ்ச், இன்னொன்று பதினெட்டு. முதல் நாளே கால் அளவு கேட்டார். மறுநாள், புருஷன் தூங்கும்போது அளந்து முடிச்சுப் போட்ட நூலை முந்தானையிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தாள். நூலைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பெரிய ஃபிரேமை இறக்கினார்.

"சின்னத எடு பாய்."

"முட்டி நெஞ்சுல இடிக்கும்க்கா. ஆளு நெட்டையா கீறாரே!"

"இடிச்சா இடிக்கட்டும். சுளுவா ஏறி எறங்கணும், அவ்ளோதான்."

"ஒரு தபா அவரையே கூட்டினு வா. உக்கார வெச்சுப் பாத்துடலாம்."

"கூட்டினு வந்துடுவேன். திரும்ப ஊட்டுக்கு யாரு கூட்டினு போறது?"

ஆள் குடிகாரன் போலிருக்கிறது என்று ஹுமாயூன் நினைத்துக்கொண்டார்.

அதோடு விட்டாளா? சீட்டு மட்டும் கடையிலேயே உசத்தியானது, ஸ்பிரிங் வைத்த அகல சீட்டு. பெல் கணீரென்று அடிக்க வேண்டும். ஒன்பது பெல்லை அடித்துப் பார்த்துத்தான் ஒன்றை எடுத்தாள். டயர் எதுவானாலும் சரியாம். மூலையில் கிடந்த வழுக்கை டயரைக் காட்டி, "அதையே மாட்டு" என்றாள். இன்றைக்குப் பிரேக்கும் வேண்டாம் என்கிறாள்.

"இந்த வண்டில எங்க போவாரு?"

"டூட்டிக்குத்தான். அம்பத்தூர் எஸ்டேட்ல ஸ்பிரிங் கம்பெனி. காலைல ஆறு மணி ஷிப்டு. எயுந்ததும் டிபன் பாக்ஸ் எங்க, வண்டி எங்கன்னு ஆரம்பிச்சுடுவாரு. வண்டி இல்லன்னா கைல கெடைக்கிறத எடுத்து அடிக்கிறாரு."

சொல்லிக்கொண்டே புடவையை இழுத்து முழங்கையை மூடினாள். அதற்குள் ஹுமாயூன் பார்த்துவிட்டார். அந்த இடம் கன்றிப்போய் நீலமாக இருந்தது.

அவர் வண்டியைத் திரும்பிப் பார்த்தார். ஆளுக்குப் பொருந்தாத ஃபிரேம், வழுக்கை டயர், பிரேக் கிடையாது. சி.டி.எச். ரோட்டில் தண்ணி லாரிக்கு நடுவே இப்படி ஒரு வண்டி போனால் ஒரு நாள் தாங்காது. இவளுக்கு அது தெரியாதா? தெரிந்துதான் கேட்கிறாள்.

"யக்கா, அடிக்கிற மனுசன்தான், நான் இல்லங்கல. போலீசுக்குப் போ, இல்ல பசங்க ஊட்டுக்குப் போ. என் கையால அந்தப் பாவத்த பண்ண வைக்காத."

"எந்தப் பாவம்?"

"பிரேக் இல்லாம அனுப்பினா அவரு திரும்பி வருவாரா?"

வேம்புலியம்மாள் அவரையே பார்த்தாள். கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே, அது அவளிடம் இல்லை.

"நான் தூங்கி ரெண்டு வருசம் ஆச்சு பாய். அவரு டூட்டிக்குப் போயிட்டா நான் செத்த கண்ண மூடுவேன். அதுக்குத்தான் இவ்ளோ பாடு."

ஹுமாயூன் பிரேக் கேபிளை எடுத்து மாட்டத் தொடங்கினார். "மாட்டித்தான் குடுப்பேன். இஷ்டம் இல்லன்னா வேற கடை பாத்துக்கோ."

"மாட்டினா அத்த அமுக்கிப் புடிச்சுகினே உக்காந்துடுவாரு. சக்கரம் சுத்தாது. வண்டி ஓடலன்னு மறுபடி கத்துவாரு."

பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அவரிடம் நீட்டினாள். அதில் நாலு காலோடு ஓர் இரும்பு ஸ்டாண்டு வரைந்திருந்தது.

"இந்த மாதிரி பண்ணணும். பின் சக்கரம் தரைல படாம தூக்கி வெச்சு, கூடத்துல தரையோட போல்ட்டு போட்டுடணும். நீயே ஊட்டுக்கு வந்து மாட்டிக் குடுப்பியா?"

ஹுமாயூனின் கை கேபிளோடு நின்றது. "அப்ப கம்பெனிக்கு எப்படிக்கா போவாரு?"

"போன மாசம் போனவர மூணாம் நாளு குத்தம்பாக்கத்துல கண்டுபுடிச்சோம். பேரு கேட்டா அவருக்குச் சொல்லத் தெரியல. இனிமே கூடத்துலயே மிதிச்சுகினு போகட்டும். பெல் சத்தம் கேட்டுகினே இருந்தா, நான் பக்கத்து ரூம்ல படுத்துக்குவேன்."

அவள் எழுந்து, பிரேக் கேபிளை அவர் கையிலிருந்து மெல்ல வாங்கிக் கீழே வைத்தாள்.

"அந்தக் கம்பெனிய மூடி பதினாலு வருசம் ஆச்சு பாய்."