இரண்டு மடக்குக் கதிரைகள்

பன்னிரண்டே முக்கால்.

அவள் கால் மாற்றி நின்றாள். வலது முழங்கால் விண்விண்ணென்று குத்தியது.

விசர் மனுசன். உட்கார ஒன்றுகூட வைக்காமல் இரண்டு கதிரையையும் அல்லவா தூக்கிக்கொண்டு போயிருக்கிறார்!

லண்டன் பாராளுமன்றத்துக்கு முன்னால், தெருவின் இந்தப் பக்கம் நீலக்கொடிகள். ஐரோப்பாவை விட்டுப் போகாதே என்கிற கூட்டம். அந்தப் பக்கம், போயே தீருவோம் என்கிற கூட்டம். வாக்குப் போட்டு மூன்று வருடம் ஆகிவிட்டது. சண்டை ஓயவில்லை.

இவள் இந்தப் பக்கம். அவர் அந்தப் பக்கம்.

கல்யாணம் கட்டி முப்பத்தொரு வருடம்.

புதன்கிழமைகளில் ஈஸ்ட் ஹாமில் இருவரும் ஒரே ரயில் ஏறுவார்கள். இறங்கியதும் ஆளுக்கொரு மடக்குக் கதிரையோடு ஆளுக்கொரு பக்கம். பன்னிரண்டரைக்கு ஆற்றங்கரைப் பூங்காவில் ஒரே சாப்பாட்டுப் பை. சாப்பிடும்போது அரசியல் கதைக்கக் கூடாது. அது வீட்டுச் சட்டம். பிள்ளைகள் கேட்டுச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும்.

நேற்று அந்தச் சட்டம் சாப்பாட்டு மேசையிலேயே உடைந்தது.

பாரிஸில் இருக்கிற தன் தங்கை சுகிர்தா இனி நினைத்தவுடன் ரயில் ஏறி வர ஏலுமோ என்று இவள்தான் தொடங்கினாள்.

"வரிசையில நிண்டு வரட்டும். நாங்கள் நிக்கேல்லையோ?" என்றார் அவர்.

அவர் பிடித்த முயலுக்கு எப்போதும் மூன்று கால். இவளுடைய முயலுக்கும் அதே மூன்றுதான். அது வேறு கதை.

"இனி உங்களோட ஒரு ரயிலில ஏறமாட்டன்."

சொன்னது இவள். கோபத்தில் சொல்வதையெல்லாம் கணக்கில் எடுக்கிற மனுசனா அவர்? எடுத்துவிட்டார்.

காலையில் எழும்பினால் ஆள் இல்லை. கொடி இல்லை. கதவு மூலையில் சாத்தி வைத்த கதிரைகள் இரண்டும் இல்லை. நீ நின்றே சாகு என்று அர்த்தமாக்கும்.

குசினியில் ஊசி மருந்துப் பெட்டி திறந்தபடி கிடந்தது. மருந்தை மட்டும் மறக்காமல் ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார். சீனி வருத்தக்காரர். ஒரு மணிக்குள் சாப்பிடாவிட்டால் கை நடுங்கும். போன சித்திரையில் ரயில் நிலையப் படியில் அப்படியே சரிந்து இருந்துவிட்டார். அன்று இவள் பக்கத்தில் இருந்தாள்.

திட்டித் திட்டிக் குரக்கன் மாவில் புட்டு அவித்தாள். இரண்டு பேருக்கும் அளந்துதான் அவித்தாள்.

இப்போதுதான் பூங்காவைப் பார்த்துவிட்டு வந்திருக்கிறாள். இருவரும் வழக்கமாக உட்காருகிற வாங்கில் புறாக்கள்தான் இருந்தன. தொலைபேசி மணி போகிறது, எடுக்கிறார் இல்லை.

ரோஷம்! ரோஷத்தைத் தின்று பசி ஆறுமா?

பன்னிரண்டு ஐம்பது.

அவள் தன் கொடியைப் பக்கத்தில் நின்ற மார்கரெட்டின் கையில் கொடுத்தாள். பையைத் தோளில் மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்தாள்.

இரும்புத் தடுப்பில் நின்ற பொலிஸ்காரன் அவளுடைய சட்டையில் குத்தியிருந்த நட்சத்திர வில்லையைப் பார்த்தான். பையைப் பார்த்தான்.

கணவருக்குச் சாப்பாடு என்றாள்.

அங்கேயா என்று கேட்டான்.

அங்கேதான்.

அவன் தடுப்பைக் கொஞ்சம் நகர்த்தினான்.

உள்ளே ஒரே மேளமும் சத்தமும். பெரிய கொடிகள் முகத்தில் உரசின. விலக்கிக்கொண்டு பயந்து பயந்து நடந்தாள். ஆராவது ஏசுவார்களோ என்று அல்ல. எங்கேயாவது விழுந்து கிடப்பாரோ என்று. கடவுளே, நேற்று அந்தச் சொல்லை ஏன் சொன்னேன்?

விளக்குக் கம்பத்தடியில் இருந்தார்.

நெற்றி வியர்த்திருந்தது. ஆனால் நிமிர்ந்துதான் இருந்தார்.

பக்கத்தில் அவளுடைய கதிரை. விரித்து வைத்திருந்தது. வேறு ஆரும் இருக்காதபடி அதற்குக் குறுக்கே தன் கொடியைப் போட்டிருந்தார்.

அந்த வெறும் கதிரைக்கு அருகே ஒரு வெள்ளைக்காரக் கிழவர் தடியை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். அவர் அவளைப் பார்த்துப் பெருமூச்சு விட்டார்.

"நீங்கள்தானா அது? பத்து மணியிலிருந்து கேட்கிறேன், இதில் ஒரு நிமிடம் இருக்க இவர் விடவில்லை. என் சாண்ட்விச்சை நீட்டினேன், அதுவும் வேண்டாமாம். வீட்டுச் சாப்பாடு வரும் என்கிறார்."

கணவர் அவளை நிமிர்ந்து பார்க்கவில்லை. கொடியை எடுத்து மடித்து மடியில் வைத்தார்.

"முழங்கால் நோகுமெல்லே. இரும்."

கதிரையில் இருந்தாள்.

பெட்டியைத் திறந்தாள். புட்டும் முட்டைப் பொரியலும் போட்டு அவர் கையில் கொடுத்தாள். முதல் வாய் எடுக்கும்போது அவர் விரல்கள் நடுங்கின. நாலாம் வாயில் நடுக்கம் நின்றுவிட்டது.

"உப்புக் காணுமோ, இன்னும் வேணுமோ?"

"காணும்."

மூடியில் கொஞ்சம் போட்டுக் கிழவருக்கும் நீட்டினாள். அவர் நின்றபடியே சாப்பிட்டார். பொரியலை இன்னொரு தரம் கேட்டார்.

சுற்றிலும் அவளுக்குப் பிடிக்காத கொடிகள். அவளுக்குப் பிடிக்காத கோஷம். அவளுக்குச் சந்தோஷமாக இருந்தது. வெட்கமில்லாமல் சந்தோஷமாக இருந்தது.

தெருவுக்கு அப்பால் மார்கரெட் இரண்டு கைகளிலும் இரண்டு நீலக்கொடிகளோடு எட்டி எட்டிப் பார்த்தாள். வருகிறாயா, இல்லையா என்று தலையை ஆட்டிக் கேட்டாள்.

இவள் ஒரு கையை உயர்த்தி ஐந்து விரலையும் விரித்துக் காட்டினாள். ஐந்து நிமிடம்.

"பத்தெண்டு காட்டும்," என்றார் அவர், புட்டைப் பார்த்தபடி.

அவள் கரண்டியை வைத்துவிட்டு மற்றக் கையையும் உயர்த்தினாள்.